செய்முறைவழிக் கற்றல் (பொறியியல், வேளாண்மை)

செய்முறைவழிக் கற்றல் என்பது ஒரு துறையைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிவதோடு நில்லாமல், அத்துறையின் வேலையைக் கையால் செய்து, பிழைவிட்டு, திருத்திக் கற்கும் முறை ஆகும். ஒரு முழு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை மாணவரின் பொறுப்பில் விட்டுக் கற்பிப்பது செயற்றிட்டவழிக் கற்றல் எனப்படுகின்றது. களையெடுக்கும் கருவி ஒன்றை வடிவமைத்து, செய்து, சேற்று வயலில் ஓட்டிப் பார்ப்பதும், அரை ஏக்கர் நிலத்தில் நாற்றங்கால் முதல் அறுவடை வரை நெல் பயிரிடுவதும் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பயிற்சி இல்லாத தொழிற்கல்விப் பாடத்திட்டம் இல்லை எனலாம். பொறியியல் மாணவர் இறுதியாண்டில் திட்டப்பணி செய்கின்றார். வேளாண்மை மாணவர் ஊரில் தங்கிப் பயில்கின்றார். தொழிற்பயிற்சி நிலைய மாணவர் தொழிற்சாலையில் பழகுநராகச் சேர்கின்றார். ஆயினும் தாளில் ஒன்றாகத் தோன்றும் இப்பயிற்சி ஓரிடத்தில் கல்வியாகவும், வேறோரிடத்தில் சடங்காகவும், இன்னோரிடத்தில் மலிவான உழைப்பாகவும் அமைகின்றது. கற்பவர் பிழை செய்வார் என்பது இம்முறையின் அடிப்படை. அப்பிழையின் செலவை யார் ஏற்கின்றார் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் இவ்வேறுபாடு உண்டாகின்றது. சென்னையைச் சூழ்ந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் நெல் வயலும் எஃகு உலையும் அருகருகே இருப்பதால், இரு துறைகளிலும் இம்முறை எவ்வாறு இயங்குகின்றது என்பதை அங்கு ஒருசேரக் காணலாம்.

சொற்கள்

அனுபவத்தைக் குறிக்கும் பட்டறிவு என்ற தமிழ்ச் சொல்லே இக்கற்றல் முறையின் விளக்கமாகவும் உள்ளது. பட்டு அறிவது பட்டறிவு. செயற்றிட்டம் என்ற சொல் இலங்கைப் பாடநூல்களில் பெருவழக்கு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஆவணங்கள் திட்டப்பணி என்கின்றன. பேச்சில் அது "புராஜெக்ட்" மட்டுமே. தொழிற்பழகுநர் என்பது அரசு ஆவணச் சொல். தொழிற்சாலை வாயிலில் "அப்ரண்டிஸ்" என்று சொன்னால்தான் காவலருக்குப் புரியும். வேளாண் கல்லூரிகளில் ஊரகப் பயிற்சியை அதன் ஆங்கிலச் சுருக்கத்தால் "ராவே" என்று அழைக்கின்றனர்.

ஆய்வகத்தில் நடக்கும் செய்முறை வகுப்பும் செயற்றிட்டமும் ஒன்றல்ல. ஆய்வக வகுப்பில் விடை முன்னரே தெரியும். மாணவர் பெறும் அளவீடு எதிர்பார்த்த விடையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், சில வேளை விடையிலிருந்து அளவீட்டைப் பின்னோக்கிக் கணக்கிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதும் வழக்கமும் உண்டு. செயற்றிட்டத்தில் விடை யாருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. அதனால்தான் அது கற்பிப்பதற்குக் கடினமானது.

வரலாறு

மேலைநாடுகளில் இம்முறையின் கோட்பாட்டு அடிப்படையைச் சான் டூயி என்ற அமெரிக்க மெய்யியலாளரோடு தொடர்புபடுத்துவர். அவரது மாணவர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயற்றிட்ட முறை பற்றி எழுதிய கட்டுரை பள்ளிகளில் பரவலான செல்வாக்குப் பெற்றது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கப்பட்டபோதே பொறியியல் உள்ளிட்ட தன் படிப்புகளைக் குழுச் செயற்றிட்டங்களைச் சுற்றி அமைத்துக்கொண்டது.

சென்னையில் இதற்கு இன்னும் பழைய முன்னோடிகள் உள்ளன. 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி, பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. சங்கிலியும் கருவிகளும் கொண்டு நிலத்தை அளந்தே அங்கு அளவை கற்பிக்கப்பட்டது. கட்டடப் பொறியியல் மாணவர் இன்றும் செல்லும் அளவை முகாமை அம்மரபின் தொடர்ச்சி எனலாம். 1868இல் சைதாப்பேட்டையில் அமைந்த வேளாண் பண்ணையும் அதனையொட்டி எழுந்த பள்ளியும் தென்னிந்திய வேளாண் கல்வியின் தொடக்கம். அப்பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக அதுவே வித்து. முதலில் பண்ணை, பிறகே பள்ளி என்ற இவ்வரிசை கவனிக்கத்தக்கது.

கோவையில் சி. து. நாயுடுவின் முயற்சி தனித்துக் குறிப்பிட வேண்டியது. பள்ளிப் படிப்பை முடிக்காமல் இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே பொறியியல் கற்றுக்கொண்ட அவர், 1945இல் அன்றைய ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களைத் தொடங்கக் காரணமாக இருந்தார். நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம், செய்முறையை முதன்மையாக்கினால் இரண்டாண்டே போதும் என்பது அவர் வாதம். அரசு அதனை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். கல்லூரி வழக்கமான நான்காண்டுப் படிப்போடு இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தொடர்கின்றது. அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் என்ற இடப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

குலக்கல்வித் திட்டமும் அதன் நிழலும்

கையால் கற்பதைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசும்போது 1953ஆம் ஆண்டைத் தவிர்க்க இயலாது. அப்போதைய முதலமைச்சர் இராசாசி, ஊரகத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலை வீட்டிலோ ஊரிலுள்ள கைவினைஞரிடமோ பழக வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் இரு நேர முறையால் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் விளக்கம். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாயல் இதில் இருப்பதாகவும் ஆதரவாளர் கூறினர்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்குள் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே இராட்டையில் நூற்றனர். நூற்பின் வழியே கணக்கும் அறிவியலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது நோக்கம். 1953ஆம் ஆண்டுத் திட்டத்தில் தொழில் பள்ளிக்கு வெளியே சென்றது, அதுவும் தந்தையின் தொழிலாகச் சென்றது. பெற்றோர் தொழில் என்பது நடைமுறையில் சாதித் தொழில். வண்ணாரின் மகன் வெளுக்கவும் சலவைக் கல்லைத் தாண்டாதிருக்கவும் செய்யும் திட்டம் இது என்று பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் எதிர்த்தனர்; குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் நிலைபெற்றது. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுக்கவே இராசாசி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

இதன் விளைவு நீண்டது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தோரின் குடும்பங்களில், பள்ளியில் மண்வெட்டியோ சுத்தியலோ கொடுக்கப்பட்டால் ஐயம் எழுவது இயல்பாயிற்று. அந்த ஐயத்தை வெறும் உடலுழைப்பு வெறுப்பு என்று ஒதுக்குவது வரலாற்றை அறியாமை ஆகும். இவ்விவாதம் இன்றும் ஓயவில்லை. ஒன்றிய அரசு 2023இல் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் விண்ணப்பிப்பவரின் குடும்பம் அத்தொழிலில் மரபாக ஈடுபட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் குறைந்தளவு வயது 18 என்பதையும் தமிழ்நாடு அரசு இதே காரணத்தால் ஏற்கவில்லை. மாறாக, 35 வயது நிரம்பியோருக்காக, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டம் 2025இல் தொடங்கப்பட்டது.

திருவள்ளூர் வட்டாரம்

திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பூண்டி, சோழவரம், புழல் ஆகிய ஏரிகளும் கொசத்தலை, ஆரணி ஆறுகளும் இதன் நீர்வளம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளது. அங்கு உருவான முதல் விசயந்தா பீரங்கி வண்டி 1965 டிசம்பரில் வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. 2018இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது.

மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. சென்னைப் புறநகர்த் தொடர்வண்டிகள் இங்கு வரை ஓடுகின்றன. 1971இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம், அதாவது சிப்காட், இங்கு ஒரு தொழில் வளாகத்தை அமைத்தது. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலைகள், வார்ப்பாலைகள், வேதித் தொழிற்சாலைகள் எனப் பலவும் இப்பகுதியில் உள்ளன. அருகிலுள்ள தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிச்செலின் டயர் ஆலை உள்ளது. கவரைப்பேட்டை தொடங்கி ஆவடி வரை பொறியியல் கல்லூரிகளும் பல.

தூண்டல் உலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உருகிய எஃகின் வெப்பநிலை ஏறத்தாழ 1,600 பாகை செல்சியசு. அதில் போடப்படும் பழைய இரும்பில் ஈரமோ, நீர் தேங்கிய மூடிய குழாயோ இருந்தால், நீர் நொடியில் ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரிந்து உலோகத்தை வெளியே வீசும். இதனைப் பாடநூலில் ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் குவிந்து கிடக்கும் பழைய இரும்பில் எந்தத் துண்டு ஆபத்தானது என்று பார்த்த அளவில் ஒதுக்குவது கண்ணும் கையும் பழகி வரும் அறிவு. அதேவேளை, இங்கு பிழைவிட்டுக் கற்க முடியாது. முதற் பிழையே கடைசிப் பிழையாகலாம். ஆகவே செய்முறைக் கல்வி என்றவுடன் மாணவரை நேரே உலையடிக்கு அனுப்புவது என்று பொருளாகாது. பிழை மலிவாக இருக்கும் ஓரிடம் முதலில் வேண்டும். அதுவே பயிற்சிப் பட்டறையின் தேவை. வேளாண்மையில் ஆய்வுப் பண்ணையின் தேவையும் அதுவே.

வேளாண்மைக் கல்வியில்

திருவள்ளூருக்கு அருகே திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1942இல் தொடங்கப்பட்ட இந்நிலையத்தின் நெல் வகைகள் டிகேஎம் என்ற எழுத்துகளோடு வெளிவருகின்றன. ஜிஇபி 24, கோ 18 ஆகியவற்றின் கலப்பில் பிறந்து 1950களின் தொடக்கத்தில் வெளியான டிகேஎம் 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் பண்பால் பெயர் பெற்றது. பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதனைப் பெற்றோராகப் பயன்படுத்தி உருவாக்கிய ஐஆர் 20, தமிழ்நாட்டு உழவரிடமே திரும்பி வந்து பல்லாண்டு நிலைத்தது. பின்னர் ஆசியா முழுதும் பரவிய ஐஆர் 36இன் வழிமரபிலும் டிகேஎம் 6 உண்டு.

இத்தகைய கலப்பைச் செய்வது விரல் நுனி வேலை ஆகும். நெற்பூ தன்மகரந்தச் சேர்க்கை உடையது. பூ திறக்கும் முன்னரே உமியின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் சூல்முடியைக் காயப்படுத்தாமல் எடுத்து, உறையிட்டு, பின் வேறு செடியின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். தொடக்கத்தில் மாணவர் கத்தரிக்கும் பூக்களில் பெரும்பகுதி பதராகவே போகும். ஆய்வுப் பண்ணையில் அது யாருக்கும் இழப்பன்று. நூறு பூ வீணானபின் கை பழகும்.

உழவரின் வயலில் நிலைமை வேறு. 1992இல் ரந்தாவா குழு வேளாண் பட்டப்படிப்பில் கிராமப்புற வேளாண் பணி அனுபவத்தைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. இறுதியாண்டு மாணவர் சில வாரங்கள் ஊரில் தங்கி, ஓர் உழவரோடு இணைக்கப்பட்டு, ஊரின் வள வரைபடம் வரைந்து, விதை நேர்த்தி, உயிர் உரமிடல் போன்றவற்றைச் செய்து காட்டுகின்றனர். நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் மாணவியர் விளக்கம் அளித்த செய்தி அடிக்கடி வெளிவருவது இத்திட்டத்தால்தான். படித்து முடிக்காதவர் நாற்பதாண்டு உழவு செய்தவருக்கு விளக்கம் அளிப்பது சற்று வேடிக்கையே. நல்ல பயிற்சியில் இது தலைகீழாக நடக்கும். எந்த மடையில் நீர் எத்தனை நாள் நிற்கும், கடன் எங்கு வாங்கப்படுகின்றது, களையெடுக்க ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பவற்றை மாணவர் கேட்டு எழுதிக்கொள்வார். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கடைசிக் கேள்விக்கு விடை சிப்காட் வாயிலில் இருக்கும்.

தன் விளைச்சலை மாணவரின் சோதனைக்கு விட எந்த உழவராலும் இயலாது. அதனால் ஊரகப் பயிற்சியில் மாணவர் பெரும்பாலும் பார்வையாளராகவே நின்றுவிடுகின்றார். காலமும் ஒத்துவருவதில்லை. இம்மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று நெற்பருவங்கள் உண்டு. குறுகிய கால நெல்லுக்கே நூறு நாளுக்கு மேல் வேண்டும். கல்லூரியின் அரையாண்டுக் கால அட்டவணை நாற்றங்காலுக்கும் அறுவடைக்கும் ஏற்ப வகுக்கப்படுவதில்லை. நடவைப் பார்த்தவர் அறுவடையைப் பார்க்காமல் திரும்புவதுண்டு.

இக்குறையைப் போக்க இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பட்டறிவுவழிக் கற்றல் என்ற தனிப் பகுதியைக் கொண்டுவந்தது. 2015இல் ஊரகப் பயிற்சி, தொழிலகப் பயிற்சி முதலியவற்றோடு இதுவும் "ஸ்டூடன்ட் ரெடி" என்ற ஒரே திட்டத்தின்கீழ்த் தொகுக்கப்பட்டது. இதில் மாணவர் குழுவே காளான் வளர்ப்பு, விதை உற்பத்தி, நாற்றுப் பண்ணை போன்ற ஒன்றைக் கல்லூரியின் இடத்தில், கல்லூரியின் முதலீட்டில் நடத்தி, விற்று, கணக்கு முடிக்கின்றது. ஈட்டத்தில் மாணவருக்குப் பங்கு உண்டு. இழப்பு கல்லூரியைச் சேரும். கொள்கை அளவில் இது மிகச் சிறந்த ஏற்பாடு. காளான் பாத்தியில் பச்சைப் பூசணம் படர்ந்தால் எதனால் என்று மாணவர் தேடியே ஆகவேண்டும். ரெக்கார்டு நோட்டில் சரிசெய்ய முடியாது.

உழவரே மாணவராகும் இடம் வேளாண் அறிவியல் நிலையம் ஆகும். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. செய்து கற்றல் என்பதே இந்நிலையங்களின் அறிவிக்கப்பட்ட கொள்கை. திருவள்ளூர் மாவட்டத்திற்கான நிலையம் திரூரில் இயங்குகின்றது.

பொறியியல் கல்வியில்

பொறியியல் மாணவரின் முதல் செய்முறை பட்டறையில் தொடங்குகின்றது. மெல்லெஃகுத் துண்டு ஒன்றை வைசில் பிடித்து அரத்தால் அராவி, மூலைமட்டம் வைத்து ஒளி புகாமல் ஆகும்வரை தட்டையாக்குவது, பின்னர் இரு துண்டுகளை ஒன்றில் ஒன்று பொருந்தச் செய்வது ஆகியன மரபான பயிற்சிகள். கணினிவழிப் பொறிகள் வந்தபின் இது எதற்கு என்று கணினித் துறை மாணவர் கேட்பதுண்டு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது எவ்வளவு பெரியது என்பதைக் கைக்குத் தெரிவிக்க இதைவிட மலிவான வழி இல்லை. வரைபடத்தில் அளவுத் தளர்வை எழுதும் பொறியாளர், அதனை அடைய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும். பிழையின் செலவு இங்கு ஓர் இரும்புத் துண்டு.

இதற்கு நேர்மாறானது இறுதியாண்டுத் திட்டப்பணி. மூன்று நான்கு பேர் கொண்ட குழு, ஓர் அரையாண்டு உழைப்பு, வெளித்தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வு என்பது அமைப்பு. அறுபது பேர் வகுப்பில் நான்கு பேர் வீதம் பதினைந்து குழுக்கள் உருவாகும். ஒவ்வொன்றுக்கும் புதிய சிக்கல் ஒன்றைக் கண்டுபிடித்து, வாரந்தோறும் வழிகாட்டுவது கற்பித்தல் சுமை மிக்க ஆசிரியருக்குக் கடினம். இவ்விடைவெளியில்தான் ஆயத்தத் திட்டப்பணிகளை விற்கும் கடைகள் சென்னையிலும் பிற நகரங்களிலும் பெருகின. கருவி, நிரல், அறிக்கை, வாய்மொழித் தேர்வுக்கான விடைகள் ஆகிய அனைத்தும் ஒரே விலையில் கிடைக்கும். மாணவரின் சோம்பல் மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்ள முடியாது. செய்யப்படும் பொருளை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. மதிப்பெண் வந்தபின் அது அலமாரிக்குப் போகும். பயன்படுத்தாத பொருளில் பிழை வெளிப்படாது. வெளிப்படாத பிழைக்குச் செலவும் இல்லை.

வாங்கிய பணியைக் கண்டறிவது எளிது. இதில் எது சரியாக வேலை செய்யவில்லை, முதலில் முயன்று கைவிட்ட வழி எது என்ற இரு கேள்விகளே போதும். தானே செய்தவர் நிறுத்தாமல் பேசுவார்.

பயன்படுத்துபவர் ஒருவர் இருந்தால் நிலைமை மாறுவதற்குத் திருவள்ளூர் வட்டாரத்திலேயே வாய்ப்புகள் மிகுதி. நெல்லில் களையெடுக்கும் உருளைக் கருவியை எடுத்துக்கொள்ளலாம். செம்மை நெல் சாகுபடியில் வரிசை நடவின் இடையே தள்ளப்படும் இக்கருவி, ஆய்வகத் தரையில் நன்றாக உருளும். களிமண் வயலில் பற்களுக்கிடையே சேறு அடைத்து நின்றுவிடும். தள்ளுபவர் பெண்ணாக இருந்தால் கைப்பிடி உயரம் பொருந்தாது. இவ்விரண்டையும் வயலில் இறங்கிய முதல் அரைமணி நேரத்தில் மாணவர் கற்றுக்கொள்வார். பொறியியல் கல்லூரிக்கும் திரூர்ப் பண்ணைக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு பேருந்துப் பயணம்தான்.

நிறுவனத்தையே வகுப்பாக்கும் முறைகளும் உள்ளன. பிலானி பிர்லா தொழில்நுட்ப, அறிவியல் கழகம் 1973 முதல் நடத்தும் பயிற்சிப் பள்ளித் திட்டத்தில் ஆசிரியரும் மாணவரோடு நிறுவனத்திற்குச் செல்கின்றார். கோவை பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு இடையீட்டுப் படிப்புகளில் வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வருகின்றன. அக்கல்லூரிக்குத் தன் வளாகத்திலேயே தொழிலகம் இருப்பது இதற்கு வசதி. இந்தியா 2014இல் வாசிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரான பின்னர், மாணவர் என்ன செய்ய வல்லவர் என்பதை அளக்க வேண்டும் என்ற வற்புறுத்தல் கூடியது. கல்லூரிகளில் அதற்கான அட்டவணைகளும் கூடின. அட்டவணை நிரப்புவதில் ஆசிரியர் செலவிடும் நேரம் பட்டறையிலிருந்து எடுக்கப்பட்டது என்பது பரவலான முறைப்பாடு.

தொழிற்பழகுநர் முறை

தொழிற்சாலைக்குள் கற்றலை ஒழுங்குபடுத்துவது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஆகும். முதலில் தொழிற்பயிற்சி நிலைய வகைத் தொழில்களுக்கு மட்டும் இருந்த இது, 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் உள்ளடக்கியது. தென் மாநிலங்களில் இவ்விரு பிரிவினரின் பயிற்சியைச் சென்னைத் தரமணியிலுள்ள பழகுநர் பயிற்சி வாரியம் கவனிக்கின்றது. 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்க்க வேண்டும். அவ்விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய், பட்டயதாரிக்கு 8,000 ரூபாய் எனக் குறைந்தளவு உதவித்தொகையை வரையறுத்தன.

சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்கின்றது. எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகின்றது. தொழிலாளர் அல்லாததால் தொழிற்சங்க உரிமை, நிரந்தரம், ஊதிய உடன்பாடு எதுவும் அவருக்குப் பொருந்தாது. நியாயம் என்னவெனில், அவர் உற்பத்தி செய்யவில்லை, கற்கின்றார். அவர் கெடுக்கும் பொருளின் செலவை நிறுவனம் ஏற்கின்றது என்பதாகும். ஆனால் உற்பத்தி வரிசையில் கெடும் பொருளுக்கு இடமில்லை. எனவே பழகுநருக்கு, ஒரே நாளில் கற்றுவிடக்கூடிய ஒரு வேலை தரப்படுகின்றது: துண்டைப் பொறியில் வை, பொத்தானை அழுத்து, எடு. ஓராண்டு முழுதும் அதையே செய்தால் பிழை நேராது; கல்வியும் நேராது. உழைப்பு மட்டும் நிறுவனத்திற்குக் கிடைக்கும்.

இதற்கு எதிரான காப்புகளும் அதே சட்டத்தில் உள்ளன. பயிற்சி ஒப்பந்தம் எழுதப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இன்றி மிகைநேர வேலை வாங்கக்கூடாது என்கின்றது 15ஆம் பிரிவு. தொழிற்சாலையின் உடல்நல, பாதுகாப்பு விதிகள் பழகுநருக்கும் பொருந்தும். பயிற்சியில் காயமடைந்தால் 16ஆம் பிரிவின்படி நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். பயிற்சியின் முன்னேற்றத்தைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இவை அனைத்தும் பதிவு செய்யப்பட்ட பழகுநருக்கே உரியன. "ட்ரெய்னி" என்ற பெயரில் ஆள்சேர்ப்பு முகவர்வழி எடுக்கப்படுவோர் பலர் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவாவதே இல்லை. இரு சொற்களும் வாயிலில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஒப்பந்தத்தில் பதிவு எண்ணும் பயிற்சிப் பிரிவின் பெயரும் உள்ளனவா என்று சேருமுன் பார்த்துக்கொள்வது நன்று. சட்டப்படி பயின்றவருக்கு, முடிவில் தேர்வும் தேசியப் பழகுநர் சான்றிதழும் உண்டு.

அடிப்படைப் பயிற்சியை உற்பத்திக்கு வெளியே, தனி இடத்தில் தர வேண்டும் என்ற ஏற்பாடும் சட்டத்தில் இருக்கின்றது. ஆவடிப் படைக்கலத் தொழிற்சாலை போன்ற பெரிய பொதுத்துறை நிறுவனங்களுக்குப் பழகுநருக்கெனத் தனிப் பயிற்சிக்கூடம் வைக்க இயலும். ஐம்பது பேர் வேலை செய்யும் உருட்டாலைக்கு இது இயலாது. 2016இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய் என்ற உச்சவரம்போடு, அரசு ஏற்கச் செய்தது. கற்பவரின் பிழைக்குரிய செலவில் ஒரு பகுதியைப் பொதுப்பணம் தாங்கும் ஏற்பாடு இது. சிறு ஆலைகள் பல சேர்ந்து ஒரு பொதுப் பயிற்சிக்கூடம் நடத்துவது செருமனியில் நெடுங்கால வழக்கம். தொழிற்பேட்டை போன்ற நெருக்கமான அமைப்புகளுக்கு அதுவே பொருத்தமானது.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் கருவிகள் பழையவை என்ற குறைக்கு அண்மையில் ஓரளவு விடை கிடைத்துள்ளது. தமிழ்நாடு அரசு டாட்டா டெக்னாலஜிசு நிறுவனத்தோடு சேர்ந்து, 71 அரசு நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்ட மையங்கள் 2023 சூலையில் திறக்கப்பட்டன. பொறியனும் கணினிவழிக் கடைசல் பொறியும் வந்துள்ளன. இவற்றை மாணவர் கையில் அச்சமின்றிக் கொடுப்பதற்கு, உடைந்தால் பழுதுபார்க்கும் நிதியும், உடைத்தவரைத் தண்டிக்காத நடைமுறையும் தேவை. விலையுயர்ந்த கருவி பூட்டிய அறைக்குள் புதிதாகவே இருப்பது எல்லா மாநிலங்களிலும் கண்ட காட்சி.

மொழி

பட்டறையின் மொழி வகுப்பறையின் மொழியன்று. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது, நூல்களுக்குக் கலைச்சொற்கள் தேவைப்பட்டன. ஆனால் அரம், உளி, கடைசல், அராவுதல், துரப்பணம், பற்றவைப்பு எனப் பட்டறைக்குரிய சொற்கள் பல முன்னரே தமிழில் இருந்தன. கொல்லரும் தச்சரும் அவற்றைப் பேணி வந்தனர். சக்கு, லேத்து, வைசு போன்ற கடன்சொற்களும் இரண்டு தலைமுறைகளுக்கு முன்பே தமிழாகிவிட்டன. கும்மிடிப்பூண்டியில் இன்று இன்னொரு மொழிச் சிக்கலும் உண்டு. உலையடியில் நிற்போரில் பலர் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். பயிற்றுநர் தமிழர், எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில், கற்பவர் இந்தியோ ஒடியாவோ பேசுபவர் என்ற நிலையில், கையால் செய்துகாட்டுவது ஒன்றே மூவருக்கும் பொதுவான மொழியாக உள்ளது.